இரைப்பையும் சலப்பையும்: பின்னோட்ட நோய்கள் பற்றிய ஒரு விளக்கம்

யூபிலி என்றால் விருந்தும் உண்டு. கல்லூரியை விட்டு நீங்கிப் பல்லாண்டுகள் கழிந்தபின், பழைய மாணவர் ஒருங்குகூடி, வாழையிலையில் வயிறார உண்டு, பழங்கதை பேசி, நள்ளிரவு கடந்த பின்னரே படுக்கைக்குச் செல்வர். அவ்விரவில் நம்மிற் பலர், மார்பின் நடுவே தீயிட்டாற் போன்ற எரிவோடு எழுந்திருந்து தண்ணீர்ச் செம்பைத் தேடுதல் உண்டு. அதே வீட்டின் மற்றோர் அறையிலே, பேரப்பிள்ளையொன்று காரணந் தெரியாத காய்ச்சலோடு அனுங்கிக்கொண்டு கிடத்தலுங் கூடும். பாட்டனாரின் எரிவையும் பேரப்பிள்ளையின் காய்ச்சலையும் ஒருங்குவைத்து எண்ணுவார் எவருமிலர். எனினும் இவ்விரண்டும் சிலவேளைகளில் ஒரே வகையான குறையினின்று பிறப்பனவாம். முன்னோக்கி ஓடவேண்டிய நீர் பின்னோக்கி ஓடுதலே அக்குறை.

மலர்க் குழுவினர் வைத்தியத்துறை சார்ந்த கட்டுரையொன்றை நம்மிடம் வேண்டியபோது, இப்பொருளையே தெரிந்துகொண்டோம். பாட்டன்மாராகிய நம்மவருக்கும், அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கும் ஒருங்கே பயன்படத்தக்கது இதுவென எண்ணினமையே காரணம்.

யாழ்ப்பாணத்திற் பிறந்தோர்க்குப் பின்னோட்டத்தை விளக்குதல் அரிதன்று. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கடல்நீர் உட்புகாவண்ணம் அணைகளுங் கதவுகளும் அமைக்கப்பட்டமையை நாம் அறிவோம். மாரிகாலத்து வெள்ளம் கடலைச் சேரலாம். கடல்நீர் உள்ளே வருதலாகாது. கடல்நீர் தன்னளவில் தீயதன்று. அதிலே மீன் வாழ்கின்றது, உப்பு விளைகின்றது. அது வயலினுங் கிணற்றினும் புகும்போதே கேடு விளைகின்றது. தேகத்தின் நிலையும் இதுவே. இரைப்பையிலுள்ள அமிலமும், சலப்பையிலுள்ள சிறுநீரும் தத்தம் இடத்தில் இருக்குமளவும் நமக்குப் பகையல்ல. இடம் மாறுதலே நோய். இவ்வோர் உண்மையை மனத்திற் கொண்டால், இந்நோய்களின் குணங்குறிகளும் பரிகாரங்களும் எளிதில் விளங்கும்.

கதவில்லாத காவல்

வாயினின்று இரைப்பைக்கு உணவைக் கொண்டுசெல்லுங் குழாயைக் களம் என்பர். களமும் இரைப்பையும் கூடுமிடத்திலே, மடல்கள் கொண்ட கதவு எதுவுமில்லை. களத்தின் அடியிலுள்ள வளையத்தசை இறுகியிருத்தலாலும், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு அவ்விடத்தைச் சூழ்ந்து நெரித்தலாலும், களம் இரைப்பையினுட் சரிவாகப் புகுதலாலுமே அங்கே காவல் உண்டாகின்றது. நாம் விழுங்கும்போது அவ்வளையம் நெகிழ்ந்து வழிவிட்டுப் பின் இறுகும். ஏப்பம் வெளிவரும்பொருட்டு, விழுங்காத வேளைகளிலும் அது சிறிது நேரம் நெகிழ்வதுண்டு. அப்பொழுது ஓரளவு அமிலம் மேலெழுதல் சுகதேகிகளுக்கும் இயல்பே. உமிழ்நீரும் களத்தின் அசைவும் அதனை உடனே கீழே கழுவிவிடும். நெகிழ்தல் மிகுந்து, மேலெழுந்த அமிலம் நெடுநேரந் தங்கித் துன்பஞ் செய்யும்போதே அது நோயெனப்படும்.

சிறுநீர்த்தொகுதியிலுள்ள அமைப்பு இதனினும் வியப்புடையது. வழக்கிலே குண்டிக்காய் எனப்படும் சிறுநீரகங்கள் இரண்டினின்றும், சிறுநீர்க்கான் என்னும் ஒடுங்கிய குழாய்கள் இரண்டு சலப்பைக்கு இறங்குகின்றன. அவை சலப்பையின் சுவரை நேரே துளைத்துச் செல்வதில்லை. சுவரினூடே சரிந்து, உட்தோலின் கீழே சிறிது தூரம் ஊர்ந்து, அதன் பின்னரே திறக்கின்றன. சலப்பை நிரம்பும்போது, உள்ளிருக்கும் சிறுநீரின் அழுத்தமே அச்சரிந்த பகுதியை நசுக்கி மூடிவிடுகின்றது. உள்ளே அழுத்தம் மிகமிக, மூடுதலும் உறுதியாகின்றது.

சிறுநீர் சலப்பையினின்று மேலே திரும்புவதில்லை என்பதை, கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே கலென் என்னும் கிரேக்க வைத்தியர் விலங்குகளிற் செய்து காட்டினார். உட்தோலின் கீழ் ஊரும் பகுதியின் நீளம், குழாயின் அகலத்தைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு இருத்தல் வேண்டும் என்பதை 1959ஆம் ஆண்டில் பக்கின் என்பார் எடுத்துரைத்தார். சில குழந்தைகள் இப்பகுதி குறுகியவர்களாகப் பிறக்கின்றனர். அவர்களிடத்தே சிறுநீர் மேனோக்கித் திரும்புகின்றது. குழந்தை வளர அப்பகுதியும் நீளுதலாற் பலரிடத்தே இக்குறை தானாகவே நீங்கிவிடும். பரிகாரத்தைப் பற்றிப் பேசும்போது இதனை மறத்தலாகாது.

மார்பெரிவும் அதன் பரிகாரமும்

அமிலம் மேலெழுதலாற் களம் புண்படும் என்பதை 1935ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து வின்கெல்ஸ்ரைன் என்னும் வைத்தியர் தனியொரு நோயாக விவரித்தார். 1950ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்துச் சத்திரவைத்தியராகிய நோர்மன் பரெற், களத்தின் அடிப்பகுதியில் வேறுவகைத் தோல் படர்ந்திருத்தலைக் குறித்து எழுதி, அது மேலே இழுக்கப்பட்ட இரைப்பையே எனக் கருதினார். அது களமே எனப் பிறர் காட்டியபின், 1957இல் அவர் தங் கருத்தைத் திருத்திக்கொண்டார். நெடுங்காலம் அமிலத்தாற் சுடப்பட்ட களம், அதனைத் தாங்கும்பொருட்டுத் தன் தோலையே மாற்றிக்கொள்ளுகின்றது என்பது இப்போது தெளிவு. அவ்வாறு மாறிய தோலிற் சிறுபான்மை புற்றுநோய் தோன்றக்கூடும். இம்மாற்றம் கண்டவர்களைக் காலத்துக்குக் காலம் உள்நோக்கிக் குழாயினாற் சோதிப்பது இதன் பொருட்டேயாம்.

மார்பெலும்பின் பின்னால் மேனோக்கி எழும் எரிவும், புளித்த நீர் தொண்டைக்கு வருதலும் இந்நோயின் முதன்மையான குறிகள். சிலருக்கு இரவில் இருமல், காலையிற் குரல் கம்முதல், பல் தேய்தல் ஆகியனவும் உண்டாகும். உண்டவுடன் படுத்தாலும், குனிந்து வேலை செய்தாலும் இவை மிகும்.

முதற் பரிகாரம் கடையில் வாங்குவதன்று. இராச்சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரமாவது விடுதல் வேண்டும். வயிறு முட்ட உண்ணுதலைத் தவிர்த்தல் வேண்டும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களின் கீழே ஆறு முதல் எட்டு அங்குல உயரமுள்ள கட்டைகளை வைத்தல் நன்று. தலையணைகளை அடுக்குவதாற் பயனில்லை. அஃது உடலை இடுப்பில் மடித்து வயிற்றை அழுத்தும். இடப்பக்கமாகச் சரிந்து படுத்தால், இரைப்பை களத்தினும் தாழ்ந்து நிற்றலால் அமிலம் மேலெழுதல் குறையும். மிகைப்பட்ட தேகபாரத்தைக் குறைத்தலும், சுருட்டையும் மதுவையும் விடுதலும் பெரும் பயன் தரும். மிளகாய், புளி, எண்ணெய்ப் பலகாரம், கோப்பி என்பனவற்றுள் எது தமக்கு ஒவ்வாதது என்பதை அவரவரே கண்டறிந்து விலக்குக. யாவற்றையும் யாவரும் விலக்க வேண்டும் என்பது வைத்தியமன்று. அப்பச்சோடாவைக் கரைத்துக் குடித்தல் நம்மிற் சிலரது வழக்கம். அதிலே சோடியம் மிகுதியாதலின், குருதியமுக்கமும் இருதயநோயும் உள்ளோர்க்கு அது தகாது.

இவற்றால் அடங்காதபோது மருந்து வேண்டும். சேர் ஜேம்ஸ் பிளாக் முதலியோர் ஆக்கிய சிமெற்றிடீன் 1976ஆம் ஆண்டிலே பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. பிளாக் 1988இல் நொபெல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் ஒமெப்பிரசோல் என்னும் அதனினும் வலிய மருந்து வழக்குக்கு வந்தது. இவ்வினத்து மாத்திரைகளை உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்னர் விழுங்குதலே முறை. உண்டபின் விழுங்கினாற் பயன் குன்றும். ஒரு காலத்தில் வீடுதோறும் இருந்த றனிற்றிடீன், அதிற் காணப்பட்ட மாசு காரணமாக, 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் சந்தையினின்று நீக்கப்பட்டது. அலுமாரியிற் பழைய மாத்திரைகள் கிடப்பின் அவற்றை எடுத்து விழுங்காதிருத்தல் நன்று.

இம்மருந்துகள் கதவை மூடுவதில்லை. உப்புநீரின் உவர்ப்பை மாத்திரமே தணிக்கின்றன. எரிவு நீங்கியபின்னும் சிலருக்கு நீர் மேலெழுதல் நிற்பதில்லை. ஆதலால், மருந்து உண்ணுகிறோமே என்று நள்ளிரவு விருந்தை விடாதிருத்தல் அறிவுடைமையன்று. காவலையே செப்பனிட விரும்பின் சத்திரசிகிச்சை உண்டு. இரைப்பையின் மேற்பகுதியைக் களத்தின் அடியைச் சுற்றி மடித்துத் தைக்கும் முறையை 1955ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் நிஸ்ஸென் என்பார் செய்தார். அம்முறை இன்றும், சிறு துளைகளினூடாக, செய்யப்படுகின்றது. தெரிந்தெடுத்த சிலர்க்கே அது வேண்டப்படும்.

விழுங்குங்கால் உணவு தடைப்படல், காரணமின்றி மெலிதல், குருதி கலந்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், குருதிச்சோகை ஆகிய இவற்றுள் ஒன்றேனும் தோன்றின், மாத்திரையை மாற்றிக்கொண்டிராது உடனே வைத்தியரை நாடுதல் வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லாதிருத்தல் இயலாது. நம்மோடு ஒரே வாங்கிலிருந்து பயின்ற நண்பரொருவர், ஓரிரவில் மார்பில் எரிவும் பாரமும் தோன்ற, இது வாயுவே எனக் கருதிச் சோடா அருந்திவிட்டுப் படுத்தார். விடியுமுன் மாரடைப்பினால் மறைந்தார். இந்த யூபிலி விருந்தில் அவர்க்குரிய இலை வெறுமையாகவே உள்ளது. களமும் இருதயமும் அண்டையயலில் இருத்தலின், ஒன்றின் நோவை மற்றொன்றின் நோவாக உணர்தல் எளிது. எரிவோடு வியர்வை, மூச்சுத்திணறல், கையிலேனும் தாடையிலேனும் பரவும் நோவு, நெஞ்சை நெரிக்கும் பாரம் என்பன கூடின், அது மார்பெரிவன்று என்றே எண்ணி ஆஸ்பத்திரிக்கு விரைக. வீணாக விரைந்தோம் என்று பின்னர் நாணுதல் பெரிதன்று.

கக்குங் குழந்தையும் காய்ச்சற் குழந்தையும்

குழந்தைகளிடத்தே இரைப்பைப் பின்னோட்டம் மிக இயல்பு. பால் குடித்த குழந்தை சிறிது கக்குதல் நான்காம் மாதமளவில் மிகுந்து, ஓராண்டு நிறையுமளவிற் பெரும்பாலும் நின்றுவிடும். கக்கின பிள்ளை தக்கும் என முதியோர் கூறியதில் உண்மையுண்டு. நிறை ஏறிவரும், விளையாடிச் சிரிக்குங் குழந்தைக்கு மருந்து வேண்டியதில்லை. ஆயினும் பச்சை நிறமாகவேனும் குருதி கலந்தேனும் வாந்தி வரினும், பீறிட்டுப் பாயினும், நிறை ஏறாதொழியினும் வைத்தியரிடங் காட்டுதல் வேண்டும். கக்குகின்றதே என அஞ்சிக் குழந்தையைக் குப்புற உறங்கவிடுதல் ஆபத்து; மல்லாந்து உறங்கவிடுதலே தக்கது.

சிறுநீர்ப் பின்னோட்டம் இவ்வாறு கண்ணுக்குப் புலனாவதன்று. அது நோவையும் பெரும்பாலுந் தருவதில்லை. கிருமியற்ற சிறுநீர் சிறிது மேலேறி மீண்டும் இறங்குதலால் அதிக கேடு இல்லை. சலப்பையிற் கிருமி புகுந்திருக்கும்போது பின்னோட்டமும் இருப்பின், அக்கிருமி சிறுநீரகத்தை எளிதிற் சென்றடைகின்றது. அங்கே உண்டாகும் அழற்சி ஆறியபின் வடு நிற்கின்றது. 1960ஆம் ஆண்டில் ஹொட்சன், எட்வேட்ஸ் என்னும் இருவர் இவ்வடுவுக்கும் பின்னோட்டத்துக்கும் உள்ள தொடர்பை எக்ஸ்-கதிர்ப் படங்களின் வாயிலாக நிலைநாட்டினர். வடுப்பட்ட சிறுநீரகம் பிற்காலத்தில் உயர் குருதியமுக்கத்துக்கும், சிலரிடத்தே சிறுநீரகம் செயலிழத்தலுக்கும் காரணமாகின்றது. சில குழந்தைகளின் சிறுநீரகம் கருவிலேயே குறைவுற்று அமைந்துவிடுவதும் உண்டு. அதற்குத் தாயுந் தந்தையும் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இங்கேதான் வீட்டிலுள்ள முதியோரின் பொறுப்புப் பெரிது. பேசத் தெரிந்த பிள்ளை, சலங் கழிக்கும்போது எரிகின்றது என்று சொல்லும். கைக்குழந்தை சொல்லாது. அதற்குக் காய்ச்சலே குறி. சிலவேளை வாந்தி, பால் மறுத்தல், ஓயாத அழுகை, நிறை ஏறாமை என்பனவே குறிகள். அவற்றைப் பல்முளைக்கும் காய்ச்சல் என்றும், கண்ணூறு என்றும் நாமே தீர்மானித்து நாலைந்து நாள் கழித்துவிடுகின்றோம். அந்நாள்களிலேயே வடு விழுகின்றது. சளியோ வேறு காரணமோ தெரியாமற் சிறுகுழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், சிறுநீரைச் சோதித்தாயிற்றா என்று வைத்தியரைக் கேட்டல் நம் கடன். அச்சோதனைக்குரிய சிறுநீரை, நுண்ணுயிர்கொல்லி மருந்து தொடங்குமுன், தூய பாத்திரத்திலே ஏந்துதல் வேண்டும். முன்னரே மருந்து கொடுத்துவிட்டாற் கிருமி எதுவென அறிதல் அரிதாகும்.

சிறுநீரிற் கிருமி காணப்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ மூவருள் ஒருவர்க்குப் பின்னோட்டம் இருத்தல் கூடும். ஒரு பிள்ளைக்கு இருப்பின் அதன் உடன்பிறந்தார்க்கும் இருக்கும் வாய்ப்பு மிகுதி. முதலில் ஒலியலைப் படத்தினாற் சிறுநீரகங்களைப் பார்ப்பர். வேண்டுமிடத்து, மெல்லிய குழாயினாற் சலப்பையில் மருந்துநீரை நிரப்பி, பிள்ளை சலங் கழிக்கும்போது எக்ஸ்-கதிர்ப் படம் பிடிப்பர். அப்படத்தினாற் பின்னோட்டத்தை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிப்பர். முதலிரு தரங்களும் பெரும்பாலும் தாமாகவே நீங்கும். நான்காவதும் ஐந்தாவதும் அத்துணை எளிதில் நீங்குவதில்லை. ஆண் குழந்தைகளிற் சிலர்க்குச் சிறுநீர்வழியிலுள்ள பிறவித் தடையினாற் சலப்பையின் அழுத்தம் மிகுந்து பின்னோட்டம் உண்டாகும். அங்கே தடையை நீக்குதலே முதற் சிகிச்சை.

பரிகாரம் மூவகைப்படும். முதலாவது, காய்ச்சல் வருந்தோறும் விரைந்து சோதித்து மருந்தளித்துக் காத்திருத்தல். இரண்டாவது, கிருமி மீண்டும் வாராவண்ணம் நாடோறும் சிறிதளவு நுண்ணுயிர்கொல்லி அளித்தல். இதனை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றிலே, 607 பிள்ளைகள் இரண்டு ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். நாடோறும் மருந்துண்ட பிள்ளைகளிடத்தே கிருமித்தொற்று மீண்டும் வருதல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனாற் புதிய வடுக்கள் குறையவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளும் மிகுந்தன. ஆகவே இம்முறை எல்லாப் பிள்ளைகட்கும் உரியதன்று. தரமும் வயதும் நோக்கி வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும். மூன்றாவது, காவலைச் செப்பனிடல். சிறுநீர்க்கானைச் சலப்பையின் உட்தோலின் கீழ் நீண்டு ஊருமாறு மாற்றிப் பதிக்கும் சத்திரசிகிச்சையை 1958ஆம் ஆண்டில் பொலிற்றானோ, லெட்பெற்றர் என்னும் இருவர் வெளியிட்டனர். 1984ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்து ஓ'டொனெல், பூரி என்னும் இருவர், வயிற்றைக் கீறாது, சிறுநீர்க்கானின் வாயிலருகே ஒரு பொருளை ஊசியினாற் செலுத்தி அதனை ஒடுக்கும் முறையை அறிவித்தனர். மீண்டும் மீண்டும் காய்ச்சல் கண்டு வடு மிகுவோர்க்கும், உயர்ந்த தரத்தினர்க்குமே இவை வேண்டப்படுவன.

இவற்றோடு, செலவில்லாத பரிகாரமொன்றும் உண்டு. மலச்சிக்கலை நீக்குதலும், சலத்தை அடக்காதிருத்தலுமே அது. நிரம்பிய குடல் சலப்பையை நெருக்குகின்றது. அடக்கிய சலத்திற் கிருமி பெருகுகின்றது. பிள்ளைகள் தண்ணீர் போதிய அளவு அருந்தி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் சலங் கழித்தல் வேண்டும். பாடசாலை செல்லும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், காலை முதல் வீடு திரும்புமளவும் தண்ணீர் அருந்தாதும் சலங் கழியாதும் இருத்தலைத் தாய்மார் பலர் அறிவர். மலசலகூடம் துப்புரவற்றிருத்தலும், வகுப்பில் எழுந்து கேட்க அஞ்சுதலும் இதற்குக் காரணங்கள்.

யூபிலி நினைவாக மண்டபங்கட்குப் பொருளுதவும் பழைய மாணவர்க்கு நம் வேண்டுகோளொன்று. தத்தம் ஊர்ப் பாடசாலைகளிலே, நீர்வசதியுங் கதவுமுள்ள மலசலகூடங்கள் சிலவற்றையும் கட்டிக் கொடுங்கள். ஆசிரியராயுள்ளோர், பிள்ளை கை உயர்த்தி அனுமதி கேட்கும்போது மறுக்காது விடுங்கள். பெயர் பொறித்த கல்லுக்கு அங்கே இடமில்லாதிருக்கலாம். ஆயினும் ஒரு பிள்ளையின் சிறுநீரகம் பழுதுபடாது காக்கப்படின், அத்தருமம் மண்டபத்தினுங் குறைந்ததன்று.

இவ்வளவுங் கூறியவற்றின் சாரம் சிறிது. அமிலத்தையும் சிறுநீரையும் பகையென எண்ணவேண்டா. அவை இடம் மாறாது காப்போம். பின்னோட்டம் எல்லாம் நோயன்று. பலர்க்கு அது தானே தணியும். ஆனால் மார்பிலே பாரங் கூடினும், குழந்தைக்குக் காரணமற்ற காய்ச்சல் காணினும், பொறுத்துப் பார்ப்போம் என்று இருத்தலாகாது. இன்றிரவு விருந்துண்டு திரும்பும் நண்பர்கள், சிறிது நேரம் முற்றத்தில் உலாவி, அதன்பின் இடப்பக்கமாகச் சரிந்து உறங்குவார்களாக.